சீட்டைக் கீழே வைக்கச் சொல்லும் நூல்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் சீட்டுக்கட்டு மேசைக்கு வந்துவிடும். ஒருபுறம் காலி வீதியின் வாகன இரைச்சலும் மறுபுறம் கரையோரப் புகையிரதத்தின் ஓசையும் கேட்க, கூடத்தில் பாய் விரித்து நால்வர் அமர்ந்து "முந்நூற்றி நாலு" ஆடுவார்கள். கொட்டாஞ்சேனையிலே நத்தார்க் கால இரவுகளில் அதே ஆட்டம் களைகட்டும். மரண வீட்டில் இரவு விழித்திருப்போரும் துயில் வாராதிருக்கச் சீட்டுக்கட்டைத் துணையாகக் கொள்வதுண்டு. இந்த ஆட்டத்தை நம்மவர் எவரும் நூல் பார்த்துக் கற்றதில்லை. பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தும், தவறான சீட்டைப் போட்டு ஏச்சு வாங்கியுமே கற்றனர்.

இன்றோ நிலை சற்று மாறியிருக்கிறது. கைத்தொலைபேசியின் வழியே போக்கர் என்னும் மேனாட்டுச் சீட்டாட்டம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. இளைஞர் பலர் அதன் போட்டிகளைப் பார்த்து வியக்கின்றனர். "இந்த ஆட்டத்தில் தேர்ச்சி பெற எந்தப் புத்தகத்தை வாங்கலாம், அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டால், பக்கத்திலிருக்கும் தாயார், "சூதுக்கும் ஒரு புத்தகமா?" என்று முகஞ் சுளிக்கிறார். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. இரண்டுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீட்டுப் பள்ளிக்கூடம்

போக்கர் நூல்களைப் பற்றிப் பேசுமுன், நம் கையிலுள்ள ஆட்டத்தையே ஒருமுறை நோக்குவோம். முந்நூற்றி நாலு ஆட்டத்திற்கு 52 சீட்டுகளும் வேண்டுவதில்லை. ஓர் இனத்திற்கு எட்டாக 32 சீட்டுகளே போதும். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2 என்பன அவற்றின் பெறுமதி. எட்டுக்கும் ஏழுக்கும் பெறுமதி இல்லை. ஓர் இனத்தின் கூட்டுத்தொகை 76. நான்கு இனங்களுக்கும் 304. ஆட்டத்தின் பெயரே ஒரு கூட்டற் கணக்கு!

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகளே கொடுபடும். அந்த நான்கை வைத்துக்கொண்டே கேள்வி கேட்டு, துரும்பைத் தெரிந்து, கவிழ்த்து வைக்க வேண்டும். மிகுதி நான்கும் அதன் பின்பே வரும். ஆகவே, பாதி அறிந்தும் பாதி அறியாமலும் ஒரு முடிவுக்கு வந்து, அம்முடிவின் விளைவைச் சுமக்க வேண்டியவராகின்றோம்.

இங்கே கணிதம் கைகொடுக்கிறது. நீங்கள் துரும்பாக்க எண்ணும் இனத்தின் ஒன்பது உங்கள் முதல் நான்கு சீட்டுகளில் இல்லை என்று கொள்வோம். காணாத சீட்டுகள் 28. அவற்றுள் 4 உங்களுக்கும், 8 உங்கள் கூட்டாளிக்கும், 16 எதிரணியினர் இருவருக்கும் போய்ச் சேரும். எனவே அந்த ஒன்பது கூட்டாளியிடம் இருக்கும் வாய்ப்பு 7 இல் 2 பங்கு. எதிரணியிடம் இருக்கும் வாய்ப்பு 7 இல் 4 பங்கு. "கூட்டாளியிடம் எப்படியும் இருக்கும்" என்று மார் தட்டிக் கேள்வியை உயர்த்துவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் மாணாக்கர் நிகழ்தகவு என்ற பெயரில் படிப்பதும் இதுவே அன்றோ!

போக்கரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இன்று பெருவழக்கிலுள்ள டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுபடும். பின்னர் ஐந்து சீட்டுகள் பொதுவாக நடுவில் திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, இறுதியாக மற்றொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து அந்தக் கையை விட்டு விலகலாம். கூட்டாளி இல்லை என்பதும், விலகும் உரிமை உண்டு என்பதுமே நம் ஆட்டத்தினின்றும் அது வேறுபடும் முக்கிய இடங்கள். இந்த விலகும் உரிமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திறமையா, அதிர்ஷ்டமா?

தாயாரின் கேள்விக்கு வருவோம். திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அது பொருட்பாலில் 94 ஆவது அதிகாரம்; கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. போதைக்கும் நோய் நீக்கத்திற்கும் நடுவே சூது நிற்பது சிந்திக்கத் தக்கது.

ஆனால் நம் பழங்கதைகளிலே இன்னொரு செய்தியும் உண்டு. மகாபாரதத்தில் வரும் நளன் சூதில் நாட்டை இழந்தவன் என்பதை யாவரும் அறிவர். அவன் அதை மீட்டது எவ்வாறு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேரோட்டியாக இருந்த காலத்தில், ஒரு தான்றி மரத்தின் இலைகளும் காய்களும் இத்தனை என அவ்வரசன் கணித்துச் சொன்னதைக் கண்டு நளன் வியந்தான். எண்ணிப் பார்த்தான், கணக்குச் சரியாக இருந்தது. தன் குதிரை நூலை அரசனுக்குக் கற்பித்து, அரசனிடமிருந்து கணக்கு நூலையும் சூதின் மறைபொருளையும் கற்றான். அதன் பின்னரே புட்கரனை வென்றான். கல்வியின்றி ஆடியவன் காட்டுக்குப் போனான். கற்று ஆடியவன் நாட்டுக்கு மீண்டான்.

திறமையா அதிர்ஷ்டமா என்னும் இந்த வழக்கு நீதிமன்றப் படிகளிலும் ஏறியிருக்கிறது. ரம்மி ஆட்டம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று இந்திய உயர் நீதிமன்றம் 1968 இல் கூறியது. தொலைபேசி வழியே பணம் வைத்து ஆடிக் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு தமிழ்நாட்டு அரசு 2022 இல் தடைச் சட்டம் இயற்றி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை மேல் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், அந்த இரண்டு ஆட்டங்களையும் அப்பட்டியலிலே சேர்த்தது செல்லாது எனத் தீர்த்தது. ஆயினும் 2025 ஆகஸ்டில் இந்திய மத்திய பாராளுமன்றம், திறமை ஆட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், இணைய வழியே பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்துவதையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் யாது? ஓர் ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்பது ஒன்று. அதைப் பணம் வைத்து ஆடலாம் என்பது வேறொன்று. முன்னது உண்மையாக இருப்பதனாலேயே பின்னது நன்மையாகிவிடாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு புத்தக அலுமாரிக்குப் போவோம்.

முதற் கேள்வி: எந்த ஆட்டம், எந்த ஆண்டு?

ஆட்ட நூல்களின் வரலாறு பழையது. இலண்டனில் விஸ்ட் என்னும் சீட்டாட்டத்தைக் கற்பித்துவந்த எட்மண்ட் ஹொய்ல் என்பவர் 1742 இல் அதற்கொரு சிறு நூலை வெளியிட்டார். அது பெற்ற வரவேற்பைக் கண்டு பிறர் களவாக அச்சிட்டு விற்கத் தொடங்கினர். உண்மைப் பிரதி இதுவென்று காட்ட ஹொய்ல் தம் கையொப்பத்தையே இட வேண்டியதாயிற்று. ஆட்டத்தில் வெல்ல வழி சொல்லும் நூலுக்கு அன்றே அத்துணை கிராக்கி!

போக்கர் நூல் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அட்டையின் கவர்ச்சியை அன்று. உள்ளே எந்த வகை ஆட்டம் பேசப்படுகிறது, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதையே. ஹெர்பர்ட் யார்ட்லி எழுதிய 'த எடியுகேஷன் ஒஃப் எ போக்கர் பிளேயர்' 1957 இல் வெளிவந்தது. யார்ட்லி சாதாரண ஆள் அல்லர். அமெரிக்காவின் இரகசியக் குறியீட்டு நிபுணர். 1921 இல் தொடங்கிய வாஷிங்டன் கடற்படை மாநாட்டின்போது ஜப்பானியரின் மறைமொழிச் செய்திகளை வாசித்துக் காட்டியவர். அவருடைய நூல் கதைபோல் இனிமையானது. பொறுமையின் அருமையை நன்கு உணர்த்துவது. ஆனால் அதிற் பேசப்படுவன அக்காலத்துப் பழைய வகைகள். ஹோல்டெம் கற்க விரும்புபவர் அதை மட்டும் வாங்கினால், கிரிக்கெட் பழகப் போய்க் கிளித்தட்டு பழகிய கதையாகும்.

டொய்ல் பிரன்சன் 1976, 1977 ஆகிய ஈராண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் தலைமைப் பட்டத்தை வென்றவர். 1970 களின் இறுதியில் அவர் வெளியிட்ட 'சூப்பர் சிஸ்டம்' போக்கர் உலகையே கலக்கிய நூல். ஒவ்வொரு வகை ஆட்டத்துக்கும் அவ்வவ் வகையில் வல்ல ஒருவரைக் கொண்டு ஓர் அத்தியாயம் எழுதுவித்தார். தம் ஆட்டமுறையை எதிராளிகள் எல்லாரும் படித்து அறிந்துகொண்டனர் என்று பின்னர் அவர் வருந்தியதும் உண்டு. அந்த வருத்தமே நமக்கொரு குறிப்பு. ஊரெல்லாம் படித்துவிட்ட தந்திரம் தந்திரமாக இராது. எனவே பழைய நூலை வரலாறாகவும் சுவைக்காகவும் படிக்கலாம். இன்றைய மேசைக்கு அதை அப்படியே விதியாகக் கொள்ளலாகாது. மருதானையில் டீ. ஆர். விஜயவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் மலிவு விலைக்குத் தேடித் திரிவோர், விலையைக் கேட்குமுன் பதிப்பாண்டைப் பார்க்கப் பழகுவது நன்று.

இரண்டாவது கேள்வி: காரணம் சொல்கிறதா?

"இந்தச் சீட்டு வந்தால் உயர்த்து, அந்தச் சீட்டு வந்தால் விலகு" என்று கட்டளை மட்டும் இடும் நூல் ஒரு வகை. "ஏன் உயர்த்த வேண்டும், ஏன் விலக வேண்டும்" என்று விளக்கும் நூல் மற்றொரு வகை. முன்னது சமையற் குறிப்பு. பின்னது சமையற் கல்வி. குறிப்பிலுள்ள சரக்கு ஒன்று கடையில் இல்லாவிட்டால் முன்னதைப் படித்தவர் திகைத்து நிற்பார். பின்னதைப் படித்தவர் வேறொன்றைக் கொண்டு கறியை முடிப்பார்.

காரணம் சொல்லும் நூலுக்கு உதாரணமாக டேவிட் ஸ்கிளான்ஸ்கி 1987 இல் வெளியிட்ட 'த தியரி ஒஃப் போக்கர்' என்பதைக் குறிப்பிடலாம். அதன் மையக் கருத்து எளியது. எதிராளியின் சீட்டை நீங்கள் கண்ணாற் கண்டிருந்தால் எவ்வாறு ஆடியிருப்பீர்களோ, அதினின்றும் மாறி ஆடும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு ஆதாயம். அவரை அவ்வாறு மாறி ஆடச் செய்யும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஆதாயம். இந்த ஒரு கருத்திலிருந்து மற்றவற்றை அவர் படிப்படியாகக் கட்டி எழுப்புகிறார். இது ஒரு குறிப்பிட்ட வகை ஆட்டத்துக்கு மட்டும் உரிய நூல் அன்று. ஆகையால் ஆண்டு பல சென்றும் பயன் குன்றவில்லை.

மூன்றாவது கேள்வி: கணக்கு சரியா?

கடையில் நின்றபடியே ஒரு நூலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் கையில் இரண்டு ஸ்பேட் சீட்டுகள். நடுவில் திறந்த மூன்றில் இரண்டு ஸ்பேட். இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஓரினமாகும். காணாத சீட்டுகள் 47. அவற்றில் ஸ்பேட் 9. அடுத்த சீட்டு ஸ்பேட்டாக அமையும் வாய்ப்பு 47 இல் 9, அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு 19. வரவிருக்கும் இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 35.

இப்போது நடுவிலுள்ள குவியலில் 100 புளியங்கொட்டைகள் இருக்கின்றன என்று கொள்வோம். எதிராளி 50 வைக்கிறார். அவற்றோடு குவியல் 150 ஆகிறது. தொடர்ந்து ஆட நீங்கள் 50 வைக்க வேண்டும். 150 ஐப் பெறுவதற்கு 50 ஐப் பணயம் வைப்பதாயின், நான்கு முறைக்கு ஒரு முறையேனும் வென்றாக வேண்டும். அதாவது நூற்றுக்கு 25. அடுத்த ஒரு சீட்டை மட்டும் நம்பினால் உங்களிடம் இருப்பதோ 19. கணக்கு இடங் கொடுக்கவில்லை. சீட்டைக் கீழே வைப்பதே முறை. பின்னர் வரும் பந்தயங்களில் மேலும் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்பதைச் சேர்த்து எண்ணும்போது மட்டும் முடிவு மாறலாம்.

நல்ல நூல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதோடு, அந்த "மட்டும்" என்ற சொல்லையும் விடாமல் விளக்கும். தீய நூல், "மனத்துணிவோடு பின்தொடர், வெற்றி நிச்சயம்" என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவும்.

பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில்வோருக்கு பில் சென், ஜெரொட் ஆங்கென்மன் ஆகிய இருவரும் 2006 இல் எழுதிய 'த மதமற்றிக்ஸ் ஒஃப் போக்கர்' இருக்கிறது. அது கதை வாசிப்போர்க்கு ஏற்றதன்று, சமன்பாடுகள் நிறைந்தது. அந்த நூலின் மூதாதையரைத் தேடினால் ஜோன் வொன் நோய்மன், ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்ன் ஆகியோர் 1944 இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டுப் பெருநூலில் சென்று முடியும். பொருளியலாரும் போரியலாரும் போற்றும் அந்நூலில் போக்கருக்கென ஒரு பகுதியே உண்டு. வலுவற்ற சீட்டோடு சில வேளை வலிமை காட்டுவது வெறும் குறும்பு அன்று, கணக்கின்படி அவசியமானதே என்று நிறுவியவர் நோய்மன்.

நான்காவது கேள்வி: பயிற்சி உண்டா?

நீச்சலைப் பற்றி நூறு பக்கம் படித்தவர் வெள்ளவத்தைக் கடலில் இறங்கினால் என்ன ஆகும்? ஆட்ட நூலும் அவ்வாறே. ஒவ்வோர் அத்தியாயத்தின் ஈற்றிலும் வினாக்கள் இருக்க வேண்டும். 1995 இல் உலகத் தொடரை வென்ற டான் ஹரிங்டன், பில் ரொபர்ட்டி என்பவரோடு சேர்ந்து 2004 இலிருந்து வெளியிட்ட 'ஹரிங்டன் ஒன் ஹோல்டெம்' என்னும் மூன்று தொகுதிகள் இவ்வகையில் பேர்பெற்றவை. ஒரு நிலைமையைக் காட்டி, "நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டுவிட்டு, பிறகே விடையும் விளக்கமும் தருகின்றன. அந்நூலின் சில முடிவுகள் இன்று பழையனவாகிவிட்டன. கற்பிக்கும் முறையோ பழையதாகவில்லை.

பயிற்சியின் பெருமைக்குச் சதுரங்கத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது, தொலைக்காட்சியில் நாள்தோறும் ஒரு சதுரங்கப் புதிர் காட்டப்படும். அவர் பாடசாலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தாயார் அதைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். மீண்டும் மீண்டும் வென்றதனால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதே என்று நிலையத்தார் சொல்லும் நிலை வந்ததாக அவரே கூறியிருக்கிறார். புத்தகம் அங்கே விடை கண்டதன் பரிசாக வந்தது. விடை காண்பதற்குப் பதிலாக வரவில்லை.

ஐந்தாவது கேள்வி: மனத்தைப் பற்றிப் பேசுகிறதா?

தோற்றவுடன் சினங் கொண்டு, விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாக வைப்பது மனித இயல்பு. தருமரை அழித்தது சகுனியின் கைத்திறன் மட்டுமன்று. "இன்னும் ஒரு முறை" என்ற அவருடைய மனமும் சேர்ந்தே அழித்தது. ஆகவே மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாத ஆட்ட நூல் பாதி நூலே.

இத்துறையில் மூன்று நூல்கள் குறிப்பிடத் தக்கவை. ஜாரெட் டெண்ட்லர் 2011 இல் எழுதிய 'த மென்டல் கேம் ஒஃப் போக்கர்' சினம், அச்சம், இறுமாப்பு ஆகியவற்றை ஆராய்வது. ஆனி டியூக் 2018 இல் எழுதிய 'திங்கிங் இன் பெட்ஸ்' ஒரு முடிவின் தரத்தை அதன் விளைவைக் கொண்டு அளக்கலாகாது என்று வற்புறுத்துவது. உளவியல் அறிஞரான மரியா கொன்னிகோவா 2020 இல் வெளியிட்ட 'த பிகஸ்ட் பிளஃப்', ஒரு கட்டில் எத்தனை சீட்டுகள் என்பதையும் அறியாது தொடங்கிய ஒருவர் முறையாகப் பயின்ற வரலாறு. சீட்டைத் தொடவே விரும்பாத பெற்றோர்கூட இதைப் படிக்கலாம்.

டியூக் சொல்லும் பாடம் நம் வீட்டு ஆட்டத்துக்கும் பொருந்தும். வலுவில்லாத நான்கு சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒருவர் பெருங்கேள்வி கேட்கிறார். கூட்டாளியிடம் தற்செயலாக ஜாக்கும் ஒன்பதும் இருந்ததனால் வெற்றி வாய்க்கிறது. "கெட்டிக்காரன்!" என்று எல்லாரும் தட்டிக் கொடுக்கிறார்கள். அது கெட்டித்தனமன்று, தப்பிப் பிழைத்தது. அவ்வாறே, நன்கு ஆராய்ந்து கேட்டும் சீட்டுச் சதி செய்து தோற்றவரை ஏசுவதும் முறையன்று. இந்த வேறுபாட்டைச் சிறுவயதிலேயே உணர்ந்த பிள்ளை, பரீட்சையிலும் தொழிலிலும் பிற்காலத்தில் நிதானம் இழக்காது.

கணினி வந்த பின்னர்

2015 இற்குப் பிந்திய நூல்களில் ஒரு புதிய சாயல் தென்படும். அவ்வாண்டில் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார், இருவர் மட்டும் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டெம் வகையை நடைமுறையில் முற்றாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தனர். 2017 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரரோடு 120,000 கைகள் ஆடி அவர்களை வென்றது. 2019 இல் அறுவர் ஆடும் மேசையிலும் புளூரிபஸ் என்ற மற்றொரு நிரல் வென்றது. இதனாற் புதிய நூல்கள் பல கணினி கண்ட விடைகளை அட்டவணைகளாக நிரப்பித் தருகின்றன. தேர்ந்தவர்களுக்கு அவை பொக்கிஷம், தொடங்குபவர்க்கோ தலைச்சுமை. அரிச்சுவடி படிக்குமுன் அகராதியை மனனஞ் செய்ய முயல வேண்டியதில்லை.

வாங்கிய பின் என்ன செய்வது?

முதலாவதாக, பத்து நூல்களை ஒருமுறை படிப்பதினும் ஒரு நூலை மூன்று முறை படிப்பது மேல். வாங்குமுன் நூலகத்தில் பார்ப்பது அதனினும் மேல். 1925 இல் நிறுவப்பட்டு, 1980 முதல் விகாரமகாதேவிப் பூங்காவை அடுத்த கட்டடத்தில் இயங்கும் கொழும்புப் பொது நூலகம் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. டூயி தசம முறைப்படி அடுக்கப்பட்ட எந்த நூலகத்திலும் 794 என்ற எண்ணின் கீழ்ச் சதுரங்கம் முதலிய திறமை ஆட்டங்களையும், 795 இன் கீழ்ச் சீட்டாட்டம் முதலிய வாய்ப்பு ஆட்டங்களையும் தேடலாம்.

இரண்டாவதாக, பென்சிலும் அப்பியாசக் கொப்பியும் இன்றி அந்நூலைத் திறக்க வேண்டாம். இங்கே குறித்த நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளவை. புதிய கலைச்சொல் வரும்போதெல்லாம் கொப்பியின் பின்பக்கத்தில் அதன் பொருளைத் தமிழில் உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அது விளங்கவில்லை என்பதே பொருள்.

மூன்றாவதாக, நூல் சொல்லும் எண்ணை நம்பிவிடாமல் சோதியுங்கள். மேலே சொன்ன ஐந்து சீட்டுகளையும் தனியே எடுத்து வையுங்கள். மீதி 47 ஐயும் நன்கு கலைத்து மேற்சீட்டைத் திருப்புங்கள். இவ்வாறு நூறு முறை செய்து, ஸ்பேட் எத்தனை முறை வந்தது என்று குறியுங்கள். சில நாள் 15 வரும். சில நாள் 24 வரும். பல நாட்களின் சராசரி 19 ஐ நெருங்கும். தங்கையோ தம்பியோ குறிப்பெடுத்தால் வேலை விரைவில் முடியும். நிகழ்தகவுப் பாடத்துக்கு இதைவிடச் செலவில்லாத ஆய்வுகூடம் வேறில்லை.

நான்காவதாக, புளியங்கொட்டைக்கு ஆடுங்கள். காசுக்கு ஆட வேண்டாம். "காசு இல்லாவிட்டால் சுவை இல்லை" என்பார்கள். முந்நூற்றி நாலில் தோற்ற அணிக்கு ஏற்படும் மானக்கேட்டைவிடப் பெரிய பந்தயம் ஏது?

எந்த நூலும் வெல்ல முடியாத எதிராளி

காசு வைத்து ஆடும் விடுதிகள் நம் நகரிலும் இருக்கின்றன, தொலைபேசியிலும் இருக்கின்றன. அங்கே அமரும் ஒவ்வொரு மேசையிலும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார். அவர் சீட்டு எடுப்பதில்லை, தோற்பதுமில்லை. அவரே விடுதி முதலாளி.

உதாரணமாக, எண்மர் ஆளுக்கு 5,000 ரூபாவோடு ஒரு மேசையில் அமர்வதாகக் கொள்வோம். மொத்தம் 40,000 ரூபா. ஒவ்வொரு கையிலும் விடுதி 100 ரூபாவை எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 30 கைகள் நடைபெறுகின்றன. ஐந்து மணி நேரத்தில் விடுதி பெறுவது 15,000 ரூபா. மேசையில் எஞ்சுவது 25,000. எண்மரும் ஒரே திறமையுடையோராயின், நாளடைவில் எண்மருமே நட்டம் அடைவர். ஒருவர் இலாபம் பெற வேண்டுமானால், மற்றவரைவிடச் சிறிது திறமை போதாது. விடுதியின் பங்கையும் ஈடுசெய்யும் அளவு திறமை வேண்டும். அந்த இலாபமும் அருகிலிருப்பவரின் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்தே வரும். அயலவரின் பிள்ளைகளுக்குரிய பால்மாவை நாம் வென்றோம் என்று மகிழ்வது மகிழ்ச்சியாகுமா?

ஆகவே, "இதைப் படித்தால் மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்" என்று அட்டையில் அச்சிட்ட நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அத்தகைய நூலில் உறுதியாக ஆதாயம் பெறுபவர் அதை விற்பவர் ஒருவரே. பிள்ளை அத்தகைய நூலோடு வீட்டுக்கு வந்தால், பெற்றோர் அதைப் பறித்து எறிவதினும், மேலே சொன்ன விடுதிக் கணக்கை அவனையே போடச் சொல்லிப் பார்ப்பது பயன் தரும். ஏச்சினாற் போகாத ஆசை எண்ணினாற் போவதுண்டு. கடன் பட்டும் பொய் சொல்லியும் ஆடுமளவுக்கு ஒருவர் போய்விட்டாரெனில், அவருக்கு வேண்டியது ஆட்ட நூல் அன்று. குடும்பத்தின் ஆதரவும் வைத்தியரின் உதவியுமே. அதை மறைத்து வைப்பது பரிவாகாது.

போக்கர் நூல்களுள் மேலானவை யாவும் சுற்றிவளைத்து வந்து சேரும் இடம் ஒன்றே. வருகின்ற கைகளிற் பெரும்பாலானவை ஆடத் தகுதியற்றவை. அவற்றை மனக்கசப்பின்றிக் கீழே வைக்கத் தெரிந்தவரே ஆட்டக்காரர். எடுத்த சீட்டை எல்லாம் ஆடத் துடிக்கும் கைக்கு, "இது வேண்டாம், அடுத்ததற்குக் காத்திரு" என்று காரணத்தோடும் கணக்கோடும் சொல்லும் நூல் எதுவோ, அதுவே பணங் கொடுத்து வாங்கத் தக்கது. அந்தப் பாடத்தை முதலில் அந்த அலுமாரியின் முன்னேயே பழகலாம்: பத்து நூல்களைப் புரட்டிப் பாருங்கள், ஒன்பதைத் திரும்ப வையுங்கள்.